தொடப் பிடிக்காத பிள்ளையோடு, தொடலாம் என்கிற கண்காட்சிக்கு

கேள்வி சுருக்கமாக: "என் மகனுக்கு ஏழு வயது, ஆட்டிசம் உண்டு. சட்டைக் கழுத்து லேபிள் பட்டாலே அழுவான். கம்பளி ஸ்வெட்டர் போடவே விடமாட்டான். ஆனால் ஒரு துண்டு சணல் கயிறு கிடைத்தால் மணிக்கணக்காக விரலில் உருட்டிக்கொண்டிருப்பான். நூலாலும் நாராலும் செய்த கலைப்படைப்புகளின் கண்காட்சி ஒன்று வருகிறது. எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கலாமாம், சென்சரி ஃப்ரெண்ட்லி நேரமும், அதாவது வெளிச்சம், சத்தம் போன்றவற்றைக் குறைத்த நேரமும், வைத்திருக்கிறார்களாம். கூட்டிப்போகலாமா? எப்படித் தயார் செய்வது?"

தாராளமாகக் கூட்டிப்போங்கள். நான் பல வருடங்களாக நெசவு செய்கிறவள். இப்படிப்பட்ட கண்காட்சிகளில் பிள்ளைகளோடும் பெற்றோரோடும் கூட நின்று உதவியிருக்கிறேன். உங்கள் பையனைப் போன்ற பிள்ளைகள் அங்கே நன்றாக ஒன்றிப்போனதையும் பார்த்திருக்கிறேன், ஐந்தே நிமிடத்தில் வெளியே ஓடியதையும் பார்த்திருக்கிறேன். இரண்டுக்கும் நடுவே இருந்த வித்தியாசம் பெரும்பாலும் கூட வந்த பெரியவர்களின் கையில்தான் இருந்தது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் லேபிளையும் சணலையும் எடுத்துக்கொள்வோம். லேபிளுக்கு அழுகிற பிள்ளை அதைவிடச் சொரசொரப்பான கயிற்றை எப்படி ரசிக்கிறான் என்று குழம்பியிருப்பீர்கள். இதில் முரண்பாடே இல்லை. துணி குத்துவது என்பது அளந்து பார்க்கக்கூடிய விஷயம். மெல்லிய நாரின் நுனி தோலில் பட்டால் வளைந்து கொடுத்துவிடும். சுமார் 30 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் தடித்த நார் வளையாமல் நின்று தோலை அழுத்தும். அந்த அழுத்தத்தை வலி சொல்லும் நரம்பு நுனிகள் பிடித்துக்கொள்கின்றன. மெரினோ ஆட்டின் மெல்லிய கம்பளி இதமாக இருப்பதற்கும், தரைவிரிப்புக்குப் போகிற கம்பளி குத்துவதற்கும் காரணம் இந்தத் தடிமன்தான். இந்தக் குத்தல் கழுத்திலும் முன்கையிலும் நன்றாகத் தெரியும், உள்ளங்கையில் தெரியாது. உள்ளங்கைத் தோல் அவ்வளவு தடித்தது. நீங்களே சோதித்துப் பாருங்கள்: குத்துகிற ஒரு கம்பளித் துணியை உள்ளங்கையில் தேய்த்துவிட்டு, அப்புறம் கழுத்தோரம் வையுங்கள். உங்கள் மகன் சணலைத் தொடுவது உள்ளங்கையால், விரல் நுனியால். லேபிள் அவனைத் தொடுவது கழுத்தில். இரண்டும் வேறு வேறு தோல்.

இன்னொரு காரணமும் உண்டு, அதுதான் கண்காட்சிக்கு மிகவும் பொருந்துகிறது. கயிற்றை அவனே எடுக்கிறான், அவனே உருட்டுகிறான், போதும் என்று தோன்றினால் அவனே வைத்துவிடுகிறான். நம்மை நாமே கிச்சுகிச்சு மூட்ட முடியாது, தெரியுமல்லவா? நம் கை எங்கே, எப்போது படப்போகிறது என்பது மூளைக்கு முன்கூட்டியே தெரிந்திருப்பதால், அந்த உணர்வை அது தணித்துவிடுகிறது. 1998இல் வெளியான ஒரு மூளை ஸ்கேன் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. லேபிள் விஷயத்தில் அந்த முன்னறிவிப்பு கிடையாது. அது எப்போது உரசும் என்பது அவன் கையில் இல்லை.

டெம்பிள் கிராண்டினைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆட்டிசம் உள்ளவர், கால்நடைத் துறைப் பேராசிரியர். யாராவது கட்டிப்பிடித்தால் தாங்க முடியாத பிள்ளையாக இருந்தவர். இளம் வயதில் அத்தையின் பண்ணையில், தடுப்பூசி போடும்போது மாட்டை இரு பக்கமும் பலகையால் அணைத்துப் பிடிக்கும் கூண்டைப் பார்த்தார். பதறிக்கொண்டிருந்த மாடுகளில் பல அதற்குள் அமைதியாவதைக் கண்டு, தனக்கென்று அதேபோல ஓர் அழுத்தும் கருவியைச் செய்துகொண்டார். எவ்வளவு அழுத்த வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பது அவர் கையிலேயே இருந்தது. அந்தக் கட்டுப்பாடு அவர் கையில் இருந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஆகவே "எல்லாவற்றையும் தொடலாம்" என்ற பலகையைப் பார்த்ததும், அதை ஒரு வேலைப் பட்டியலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முப்பது படைப்புகளில் ஒன்றே ஒன்றை மட்டும் இருபது நிமிடம் தொட்டுவிட்டு வந்தால் அது நல்ல நாள். எதையும் தொடாமல் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தாலும் நல்ல நாள்தான். "தொட்டுப் பாரு கண்ணா, ஒண்ணும் ஆகாது" என்று அவன் மணிக்கட்டைப் பிடித்துக் கொண்டுபோய் வைப்பதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். நல்லெண்ணத்தோடு பெற்றோர் செய்கிற இந்த ஒரு காரியத்தோடு பல வருகைகள் முடிந்துபோனதைப் பார்த்திருக்கிறேன். அந்த நொடியில் அவன் தொடுகிறவன் என்பது போய், தொடப்படுகிறவனாக ஆகிவிடுகிறான். எப்படித் தொடுவது என்று காட்ட வேண்டும் என்றால், உங்கள் கையை முதலில் படைப்பின் மேல் வையுங்கள். அவன் விரும்பினால் தன் கையை உங்கள் கைமேல் வைப்பான். உங்கள் விரல்கள் அசைவதை அவன் உணரட்டும். பிடித்திருந்தால் மெல்ல நழுவி இறங்குவான், பிடிக்கவில்லை என்றால் எடுத்துக்கொள்வான். கண் பார்வையும் காது கேட்கும் திறனும் இல்லாத பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறவர்கள் இந்த முறையை வெகுகாலமாகப் பயன்படுத்துகிறார்கள்.

சரி, போவதற்கு முன் என்ன செய்வது? கண்காட்சியாளர்களைக் கூப்பிட்டுச் சில விஷயங்களைக் கேளுங்கள். "சென்சரி ஃப்ரெண்ட்லி" என்ற பெயரில் ஒருவர் விளக்கை மட்டும் குறைத்திருப்பார், இன்னொருவர் கூட்டத்தைக் கட்டுப்படுத்தி, ஒலிகளை நிறுத்தி, தனியாக ஓர் அமைதி அறையே வைத்திருப்பார். எத்தனை பேரை ஒரே சமயத்தில் உள்ளே விடுவார்கள், வெளியே போய்விட்டுத் திரும்ப வரலாமா, அமைதியாக உட்கார இடம் உண்டா, நுழைவாயிலிலேயே எதன் வழியாகவாவது புகுந்து போக வேண்டுமா என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியின் காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். இவை எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது: உண்மையிலேயே எல்லாம் தொடக்கூடியவையா, அல்லது சிலவற்றை மட்டும் தொடலாமா?

ஒரே அறையில் இதைத் தொடலாம், பக்கத்தில் இருப்பதைத் தொடக்கூடாது என்றால், பெரியவர்களுக்கே தடுமாற்றம்தான். விதியை அப்படியே பிடித்துக்கொள்கிற பிள்ளைக்கு அது பெரிய வேதனை. அருங்காட்சியகங்கள் தடை போடுவதும் வீம்புக்கு அல்ல. விரலின் எண்ணெயும் வியர்வையின் உப்பும் இழையில் ஊறி நாளடைவில் கறையாகும், நாரை நலியச் செய்யும். பழைய துணிகளுக்கு வெளிச்சமே பகை என்பதால் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்கு மேல் விளக்குப் போடவே தயங்குவார்கள். அதனால் பல இடங்களில் மூலப்படைப்பை எட்ட வைத்துவிட்டு, அதே நூலில் அதே பின்னலில் செய்த ஒரு மாதிரித் துண்டைப் பக்கத்தில் தொங்கவிட்டிருப்பார்கள். அப்படி இருந்தால், "இந்தச் சதுரம் உன் கைக்கு, அந்தப் பெரியது உன் கண்ணுக்கு" என்று வீட்டிலேயே சொல்லிவைத்துவிடுங்கள். முன்பே தெரிந்த விதி அவனை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது.

தொடும் கண்காட்சி புதுமோஸ்தர் என்று நினைக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. இங்கிலாந்தின் சண்டர்லாந்து அருங்காட்சியகத்தில் 1913இலேயே, பார்வையற்ற பிள்ளைகளையும் பெரியவர்களையும் அழைத்து, சேகரிப்பில் இருந்த பொருள்களைக் கையில் எடுத்துப் பார்க்க வைத்தார்கள். நூல் கலையில் டோஷிகோ ஹோரியுச்சி மக்காடம் என்ற ஜப்பானியக் கலைஞரின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. 1970களில் அவர் பின்னித் தொங்கவிட்டிருந்த ஒரு பெரிய வலைப்படைப்பில் பார்க்க வந்த குழந்தைகள் ஏறி ஆட ஆரம்பித்துவிட்டார்கள். அவர் பதறி இறக்கிவிட்டிருக்கலாம். ஆனால் அந்தக் காட்சி அவருடைய வழியையே திருப்பியது. அதற்குப் பிறகு குழந்தைகள் ஏறவும் உருளவும் குதிக்கவும் என்றே வண்ண வலைகளைக் கையால் பின்னினார். ஹகோனே திறந்தவெளி அருங்காட்சியகத்தில் இன்றும் அவருடைய வலைக்குள் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். ஒரு படைப்பை எப்படி அனுபவிப்பது என்று அவருக்குக் காட்டியது அந்தக் குழந்தைகள்தான். உங்கள் மகனும் உங்களுக்குக் காட்டக்கூடும்.

வீட்டில் ஒரு அட்டைப்பெட்டி தயார் செய்யுங்கள். பருத்திப் பஞ்சு, முறுக்கிய பருத்தி நூல், சணல், தேங்காய் நார், கம்பளி, ஒரு துண்டு பட்டு, கிடைத்தால் கற்றாழை நார், வாழை நார். பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு விலகி இருங்கள். எதை எடுக்கிறான், எதை விரலால் தள்ளுகிறான், எதை மூக்கருகே கொண்டுபோகிறான் என்று கவனித்தால் போதும். அந்தப் பட்டியலைக் கண்காட்சியில் உதவிக்கு நிற்பவரிடம் சொன்னால், எந்தப் படைப்பில் ஆரம்பிக்கலாம் என்று அவரே வழி சொல்வார். கண்காட்சி அறையின் புகைப்படங்கள் கிடைத்தால் வரிசையாக ஒட்டி, முதலில் கதவு, அப்புறம் கை கழுவுமிடம், அப்புறம் பெரிய அறை என்று ஒரு படக்கதையாக்கிக் காட்டுங்கள். கடைசிப் படம் வீட்டுக்குத் திரும்புவதாக இருக்கட்டும். எப்போது முடியும் என்று தெரியாததுதான் பல பிள்ளைகளைப் பதறவைக்கிறது.

அன்றைக்கு அவனுக்கு மிகவும் பழகிய சட்டையைப் போடுங்கள். மோதிரம், வளையல், கால் செருப்பின் வெல்க்ரோ பட்டை எல்லாம் பின்னலில் மாட்டும், கவனம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்த பிறகு உள்ளே போங்கள். ஈரக்கையோடு தொட்டால் எல்லா நாரும் ஒட்டிக்கொள்கிற மாதிரி இருக்கும், அந்த முதல் தொடுகையே கெட்டுவிடும். எதையும் வாயில் வைக்கும் பழக்கம் இருந்தால் அவன் வழக்கமாகக் கடிக்கிற பொருளையும் எடுத்துக்கொள்ளுங்கள். கம்பளி, ரப்பர் ஒவ்வாமை இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

உள்ளே நுழையும்போது கவனிக்க வேண்டியது தொங்கும் இழைகள். நூல் கலைஞர்களுக்குத் தோரணம் போல நூற்றுக்கணக்கான இழைகளைத் தொங்கவிட்டு அதற்குள் புகுந்து வரச்செய்வது மிகவும் பிடிக்கும். பார்க்க அழகுதான். ஆனால் முகத்திலும் கழுத்திலும் புறங்கையிலும் ஒரே நேரத்தில் லேசாக உரசும் தொடுகை அது. முடி முளைக்கிற தோலில், மெல்ல வருடுவதை உணர்வதற்கென்றே தனி நரம்பிழைகள் உண்டு. நொடிக்கு ஒன்று முதல் பத்து சென்டிமீட்டர் வேகத்தில் வருடும்போது அவை நன்றாகத் தூண்டப்படும். பெரும்பாலானவர்களுக்கு இது இதம். ஆட்டிசம் உள்ள பலருக்கு இதே வருடல் தாங்க முடியாத எரிச்சல், அழுத்தமான தொடுகையே அவர்களுக்கு ஆறுதல். நுழைவாயிலில் இழைத்தோரணம் இருக்கிறதா என்று கேட்கச் சொன்னது இதனால்தான். இருந்தால் பக்க வழி கேளுங்கள், அல்லது நீங்கள் முன்னே போய் இரு கையாலும் விலக்கிப் பிடியுங்கள். எங்களோடு ஒரு பையன் பத்து நிமிடம் தோரணத்தின் வெளியிலேயே நின்றான். பிறகு திரும்பி நின்று, முதுகால் அழுத்தமாகத் தள்ளிக்கொண்டே உள்ளே வந்தான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதன்பிறகு அதே வழியாக ஏழெட்டு முறை போய்வந்தான்.

உங்களிடம் யாராவது "விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள்" என்பார்கள். தடவுவது ஒரு வழிதான். 1987இல் சூசன் லெடர்மேன், ராபர்ட்டா கிளாட்ஸ்கி என்ற இரு உளவியலாளர்கள், கைகள் ஒரு பொருளை எப்படி அறிகின்றன என்று கூர்ந்து பார்த்து வகைப்படுத்தினார்கள். மேற்பரப்பை அறியக் கை பக்கவாட்டில் தேய்க்கும். கெட்டியா மெத்தென்றா என்று பார்க்க அழுத்தும். குளிர்ச்சியா சூடா என்று அறிய அசையாமல் வைத்துக்கொண்டிருக்கும். கனம் பார்க்கத் தூக்கிப் பிடிக்கும். மொத்த உருவத்துக்குப் பொத்திப் பிடிக்கும், நுணுக்கத்துக்கு ஓரத்தைப் பின்தொடர்ந்து போகும். தடவப் பிடிக்காத பிள்ளைக்கு இத்தனை வழிகள் மிச்சம் இருக்கின்றன. கெட்டியாகச் சுற்றிய ஒரு நூல்பந்தை இரு கையாலும் அழுத்தட்டும். நெய்த கனத்த விரிப்பை மடியில் வைத்துக்கொள்ள அனுமதி இருந்தால் வைக்கட்டும், அந்தக் கனமே சிலரைச் சாந்தப்படுத்தும். பட்டின்மேல் கையை வைத்து அசையாமல் இருந்தால் முதலில் குளிர்ச்சி தெரியும். கம்பளியில் அப்படித் தெரியாது, சுருள் நார்களுக்கு நடுவே சிறைப்பட்ட காற்று கையின் சூட்டைப் போகவிடாது. இதை நீங்கள் விளக்க வேண்டியதில்லை, கண்டுபிடிக்க நேரம் கொடுத்தால் போதும்.

தறியில் நெய்த துணி ஏதாவது கிடைத்தால் பாவின் (நீளவாக்கு நூலின்) போக்கில் ஒருமுறையும் ஊடையின் (குறுக்கு நூலின்) போக்கில் ஒருமுறையும் தொட்டுப் பாருங்கள். ஒரே துணி இரு வேறு துணியாகத் தெரியும். இது நான் பெரியவர்களுக்குச் சொல்வது. பிள்ளைகள் கேட்காமலே செய்துவிடுகிறார்கள்.

மணத்தை யாரும் எதிர்பார்ப்பதில்லை, அங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். தொழிற்சாலைச் சணலில் நாரை மிருதுவாக்கச் சேர்க்கும் எண்ணெயின் வாடை இருக்கும். பதப்படுத்தாத கம்பளியில் ஆட்டு மெழுகின் மணம், அவுரிச் சாயத்தில் தனி நெடி. பிரேசில் கலைஞர் எர்னெஸ்டோ நெட்டோ, நீண்டு விரியும் மெல்லிய துணிப் பைகளில் கிராம்பு, மஞ்சள் போன்றவற்றைக் கொட்டித் தொங்கவிடுவார். மூக்குக்கும் சேர்த்தே செய்த படைப்புகள் அவை. மணத்தால் தொந்தரவாகும் பிள்ளை என்றால் எந்த மூலையில் என்ன மணம் என்று நுழையும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

காதுக்கு நல்ல செய்தி இருக்கிறது. நூலும் கம்பளியும் ஒலியை, அதிலும் கீச்சென்ற ஒலியை, உறிஞ்சும். வெறும் சுவரும் கல்தரையுமாக இருக்கிற வழக்கமான கூடத்தில் ஒவ்வொரு காலடியும் எதிரொலிக்கும். சுவர் நிறையக் கனத்த நெசவு தொங்கும் அறையில் நம் குரலே தாழ்ந்து கேட்கும். எதையும் தொட விரும்பாத ஒரு சிறுமி இரண்டு பெரிய கம்பளித் தொங்கல்களுக்கு நடுவே உட்கார்ந்து, அரை மணி நேரம் எழுந்திருக்க மறுத்தாள். அவளுடைய அப்பா அவளைக் கிளப்பப் பார்த்தார். நான்தான் விடுங்கள் என்றேன். அவள் அந்தப் படைப்பைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஜூடித் ஸ்காட்டைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க எனக்கு மனம் வராது. 1943இல் அமெரிக்காவில் இரட்டையரில் ஒருத்தியாகப் பிறந்தவர். டவுன் சின்ட்ரோம் இருந்தது. காது கேட்கவில்லை என்பதைப் பல்லாண்டுகள் யாரும் கண்டுபிடிக்கவே இல்லை. பேசாததை அறிவுக்குறை என்று எழுதிவைத்து, ஏழு வயதில் விடுதியில் சேர்த்துவிட்டார்கள். சுமார் 35 வருடம் அப்படியே போயிற்று. பிறகு இரட்டைச் சகோதரி ஜாய்ஸ் அவரைத் தன்னிடம் அழைத்துக்கொண்டு, 1987இல் ஓக்லாந்தில் உள்ள கிரியேட்டிவ் குரோத் என்ற கலைக்கூடத்தில் சேர்த்தார். படம் வரையக் கொடுத்தார்கள், ஆர்வமே இல்லை. நாட்கள் அப்படியே ஓடின. ஒருநாள் நூல் கலைப் பயிற்சி ஒன்று நடந்தது. அங்கே நூல் அவர் கைக்கு வந்தது. கைக்குக் கிடைத்த பொருள்களை எல்லாம் நூலாலும் துணியாலும் சுற்றிச் சுற்றி, முடிச்சிட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாத உருவங்களாக ஆக்கினார். 2005இல் இறக்கும்வரை இருநூறுக்கும் மேற்பட்ட சிற்பங்கள். ஒரு வார்த்தை பேசாமல், அவை என்ன என்று யாருக்கும் விளக்காமல் செய்தார். 2014இல் புரூக்ளின் அருங்காட்சியகம் அவருக்கெனத் தனிக் கண்காட்சி வைத்தது.

அவருக்கு நூல் வேண்டும் என்று யாரும் ஊகிக்கவில்லை. தூரிகையைக் கொடுத்துப் பார்த்தார்கள், நடக்கவில்லை, இருந்தாலும் அவரை வெளியே அனுப்பாமல் காத்திருந்தார்கள். உங்கள் பையன் முதல் அறையில் முகம் திருப்பிக்கொண்டால் இந்தக் காத்திருப்பை நினைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்புவதைப் பற்றி. அவன் இன்னும் சந்தோஷமாக இருக்கும்போதே கிளம்புங்கள். முதல் முறைக்கு முப்பது, நாற்பது நிமிடம் நிறைய. கையை உதறுவது, காதைப் பொத்துவது, ஒரே வார்த்தையைத் திரும்பச் சொல்வது என்று அவனுடைய அடையாளங்கள் உங்களுக்குத்தான் தெரியும். முதல் அடையாளத்திலேயே அமைதி அறைக்குப் போங்கள். வெளியே வந்ததும் "எது பிடிச்சது? எது பிடிச்சது?" என்று கேட்காதீர்கள். இரண்டு நாள் கழித்து அவனே அட்டைப்பெட்டியில் தேடி எதையாவது எடுத்துவந்து காட்டுவான், அல்லது காட்டமாட்டான்.

நீங்களும் தொடுங்கள். பல அம்மாக்கள் பிள்ளையையே பார்த்துக்கொண்டு, கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி முழு நேரமும் நின்றுவிடுகிறார்கள். கைப்பையை அலமாரியில் வைத்துவிடுங்கள். அவனுக்கு ஐந்தடி தள்ளி நின்று, உங்களுக்குப் பிடித்த ஒன்றை உங்கள் வேகத்தில் தொட்டுக்கொண்டிருங்கள். ஓரக்கண்ணால் அவன் பார்ப்பான்.

வீட்டில் அவன் உருட்டுகிற அந்தச் சணல் கயிற்றை மறக்காமல் எடுத்துப்போங்கள், அவன் சட்டைப்பையிலேயே இருக்கட்டும். புதுசாக ஏதாவது அதிகமாகிவிட்டால் விரல் அதில் போய் நிற்கும். அங்கே சணலில் செய்த படைப்பு ஒன்று எப்படியும் இருக்கும். முதலில் அதனருகே போய், கயிற்றை வெளியே எடுக்க அவனுக்கு நேரம் கொடுங்கள்.